ஹார்பர்ஸ் ஃபெர்ரி நாவல்: தலைவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவரை எப்படி எழுதுவது?

அரும்புநாவல் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் அடிமைமுறையை ஆயுதம் ஏந்தி ஒழிக்க முயன்ற ஜான் பிரவுன் 1859 அக்டோபரில் ஹார்பர்ஸ் ஃபெர்ரியின் அரசு ஆயுதத் தொழிற்சாலையைப் பிடித்த நிகழ்வை வைத்து ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதை பிரவுனின் பார்வையில் நகரவில்லை. அவருக்கு அடுத்தபடியாக இருந்த ஜான் ஹென்றி காகியின் பார்வையில் நகர்கிறது. 24 வயது, பள்ளி ஆசிரியராக இருந்தவர், வழக்கறிஞர், பத்திரிகை நிருபர். 1858 மே மாதம் கனடாவின் சாத்தம் ஊரில் கூடிய மாநாடு, பிரவுன் அமைக்க நினைத்த தற்காலிக அரசின் போர்ச் செயலராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

சிக்கல் இதுதான். இப்போதைய வரைவில் காகி இரண்டே காரியம் செய்கிறார். பிரவுன் பேசும்போது தலையாட்டுகிறார்; தனியாக இருக்கும்போது "இது தோற்கும்" என்று நினைக்கிறார். கெட்டிக்காரர் என்று மற்றப் பாத்திரங்கள் சொல்கின்றனவே ஒழிய, அந்தக் கெட்டிக்காரத்தனம் பக்கத்தில் தெரியவில்லை. தாக்குதலுக்கு முந்திய மூன்று மாதங்களில் அவர் கையில் என்ன வேலை இருந்தது? போர்ப் பயிற்சியை அவரிடம் கொடுக்கலாமா? கடைசி நாளை எவ்வளவு விரிவாக எழுதலாம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சரக்குரசீது எழுதியது:

முதலில் காகியைப் பண்ணைவீட்டிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள். ஆட்கள் ஒளிந்திருந்த கென்னடி பண்ணை மேரிலாந்தில், ஹார்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து 5 மைல் தூரம். அந்தக் கோடை முழுக்கக் காகி இருந்தது அங்கே அல்ல. வடக்கே சுமார் 50 மைல் தள்ளி, பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க்கில், மேரி ரிட்னர் என்ற கைம்பெண் நடத்திய விடுதியில், "ஜான் ஹென்றி" என்ற பெயரில் தங்கியிருந்தார். ஓஹாயோவிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும் வந்த பெட்டிகள், தெற்கே போக வேண்டிய ஆட்கள், போஸ்டனிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் பண்ணைக்குப் போயின.

அவருடைய திறமையைக் காட்ட இதைவிட நல்ல களம் கிடைக்காது. சரக்கு "ஐசக் ஸ்மித் அண்ட் சன்ஸ்" பெயருக்கு வருகிறது. ஐசக் ஸ்மித் என்பது பிரவுனின் புனைபெயர். சேம்பர்ஸ்பர்க்கில் சொல்லி வைத்த கதை: ஸ்மித் கனிமம் தேடுபவர், பெட்டிகளில் இருப்பது சுரங்கக் கருவி. மேரிலாந்தில் அக்கம்பக்கத்தாரிடம் சொன்ன கதையோ வேறு: ஸ்மித் நியூயார்க் விவசாயி, கொழுத்த மாடு வாங்கி வடக்கே ஓட்டிப் போக வந்தவர். வண்டி 50 மைல் தெற்கே போவதற்குள் முதல் கதை இரண்டாவது கதையாக மாற வேண்டும். எந்த ஆளிடம் எந்தக் கதையைச் சொன்னோம் என்பதை மறக்காமல் வைத்திருப்பது காகியின் பொறுப்பு. புதிதாக வந்த ஓர் இளைஞன் தவறான இடத்தில் தவறான கதையைச் சொல்லிவிட, காகி அதை ஒரே வாக்கியத்தில் சரிக்கட்டுகிறார் என்று ஒரு காட்சி வையுங்கள். "கெட்டிக்காரர்" என்று யாரும் சொல்லத் தேவையிருக்காது.

எடைக்கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். வந்தவை 198 ஷார்ப்ஸ் கார்பைன்கள் (குட்டைக் குழல் துப்பாக்கிகள்), 950 ஈட்டிகள். ஒரு கார்பைன் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ என்றால் பெட்டியைச் சேர்க்காமலே 700 கிலோவை நெருங்கும். ஈட்டிக்காம்பு 6 அடி ஆஷ் மரம்; சிறிய வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்கிறவர் கேட்பார். ஒரே நடையில் முடியாது. போக ஒரு முறை, வர ஒரு முறை, குதிரைக்கு ஓய்வு என்று கணக்கிட்டு நாட்காட்டியில் குறித்துக்கொண்டு எழுதுங்கள். காலையில் சேம்பர்ஸ்பர்க், மாலையில் பண்ணை என்று வைத்தால் குதிரை வண்டி தெரிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

பணம் இன்னொரு நெருக்கடி. பண்ணைவீட்டு வாடகை 35 டாலர், அடுத்த மார்ச் வரைக்கும் சேர்த்து. அது பெரிய தொகை அல்ல, ஆனால் இருபது பேருக்குச் சாப்பாடு போட வேண்டுமே. அக்டோபர் 10 அளவில் காகி எழுதிய கடிதத்தில் தாக்குதலுக்கு இதுதான் தருணம் என்று காரணங்களை அடுக்குகிறார்: விளைச்சல் நன்றாக இருந்தது, தானியம் களஞ்சியத்துக்கு வந்துவிட்டது, நிலா சாதகமாக இருக்கிறது, அடிமைகள் இந்தப் பருவத்தில் மனக்கசப்போடு இருக்கிறார்கள். கூடவே, கையில் 5 டாலர்கூட இல்லை என்றும் எழுதுகிறார். கொள்கை, பருவம், காலி சட்டைப்பை மூன்றும் ஒரே தாளில். பிறகு கூட்டத்தில் சேர ஃபிரான்சிஸ் மெரியம் என்பவர் 600 டாலர் தங்கத்தோடு வந்து சேர்கிறார். உடனே தேதி குறிக்கப்படுகிறது. "தோற்கும் என்று தெரிந்தே போனவர்" என்ற உங்கள் காகி இந்தக் கடிதத்தோடு ஒட்டவில்லை. அவர் வேலை நடக்கும் என்று நம்பிக் கணக்குப் போட்டவர். அப்படியே எழுதுங்கள்.

---

தோட்டாப்பை எழுதியது:

பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். அதைக் காகியிடம் கொடுக்காதீர்கள். அது ஏரன் டுவைட் ஸ்டீவன்ஸுடையது. பிரவுன் கூட்டத்தில் முறையான குதிரைப்படை அனுபவம் அவருக்குத்தான். மெக்சிகோ போருக்குச் சிறு வயதிலேயே ஓடிப்போனவர். பின்னர் டிராகூன் என்ற குதிரைப்படையில் இருந்தபோது 1855-இல் டாவோஸில் மேலதிகாரியை எதிர்த்ததற்காக மரண தண்டனை பெற்று, அது மூன்றாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டு, லெவன்வொர்த் கோட்டையிலிருந்து தப்பினார். கான்சாஸில் "விப்பிள்" என்ற பெயரில் அடிமைமுறை எதிர்ப்புப் படைக்குக் கர்னல். காகி அந்தப் படையில் அவருக்குக் கீழே இருந்தவர். 1859-இலோ காகி போர்ச் செயலர், ஸ்டீவன்ஸ் கேப்டன். இந்த இடமாற்றம் நாவலுக்குப் பெரிய கொடை, விட்டுவிடாதீர்கள்.

1857-58 குளிர்காலத்தில் அயோவாவின் ஸ்பிரிங்டேலில், போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் நடுவில், மர வாள்களை வைத்து ஸ்டீவன்ஸ் பயிற்சி கொடுத்தார். கென்னடி பண்ணையில் அது முடியாது. பகல் முழுக்க ஆட்கள் மேல்மாடத்தில் அடைந்து கிடக்க வேண்டும். பிரவுனின் 15 வயது மகள் ஆனி வாசலில் காவல். அண்டை வீட்டுப் பெண் குழந்தைகளோடு எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பார். எனவே அங்கே பயிற்சி என்றால் பிரவுன் முன்பு பயிற்சியாளராக அமர்த்திய ஹியூ ஃபோர்ப்ஸின் போர்க் கையேட்டைப் படிப்பது, சத்தமில்லாமல் துப்பாக்கியைக் கையாண்டு பழகுவது, துடைப்பது. வயலில் அணிவகுப்பு நடத்தினால் கதை அந்த வாரமே முடிந்துவிடும்.

ஷார்ப்ஸ் கார்பைனைக் கையாளும் முறை தெரிந்திருந்தால் ஒரு பத்தி உயிர் பெறும். சுத்தியைப் பாதி இழுத்து வைக்கணும். விசைக்காப்பாகவே இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் பின்கட்டை இறங்கி அறை திறக்கும். காகித அல்லது துணித் தோட்டாவை உள்ளே தள்ளி நெம்புகோலை மேலே ஏற்றினால், கட்டையின் கூர் விளிம்பு தோட்டாவின் வாலை நறுக்கி மருந்தைத் திறந்துவிடும். பிறகு சுத்தி அடிக்கும் முலைக்காம்பின் மேல் தொப்பி (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி), சுத்தி முழுதாகப் பின்னால், விசை. பழகிய கைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 குண்டு. குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் திணிக்கும் மஸ்கட்டில் மூன்று. அதோடு படுத்துக்கொண்டே நிரப்பலாம், திணிகம்பியால் இடிக்க எழுந்து நிற்க வேண்டாம்.

கெடும் இடங்களும் உண்டு. நறுக்கும்போது கொஞ்சம் மருந்து கட்டையின் மேல் சிந்தும். நிறையச் சுட்டால் கரி படிந்து நெம்புகோல் இறுகும். மூட்டு வழியே சூடான வாயு கசியும், முகத்தருகே உறைக்கும். ஈரம்பட்ட தோட்டா பயன்படாது. அக்டோபர் 16 இரவு குளிரும் தூறலுமாக இருந்தது. ஆட்கள் நீண்ட சாம்பல் நிறச் சால்வைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடந்தார்கள். மறைக்க மட்டுமா, நனையாமலிருக்கவும்தான். மரத்துப்போன விரலில் தொப்பி நழுவி விழுவதை ஒரு வரி எழுதினாலே போதும், அந்த இரவு வாசகர் கைக்கு வந்துவிடும்.

ஈட்டிகள் எதற்கு என்று நிறையப் பேர் கேட்பார்கள். துப்பாக்கி தொட்டே அறியாத விடுதலை பெற்றவர் கையில் பயிற்சியில்லாமல் கொடுக்கக்கூடிய ஆயுதம் அது. கனெக்டிகட்டின் காலின்ஸ்வில்லில் சார்லஸ் பிளேர் செய்தது, ஒன்று 1 டாலர்.

---

அரும்புநாவல்:

இருவருக்கும் நன்றி. காகியைச் சேம்பர்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிட்டேன், பயிற்சி ஸ்டீவன்ஸுக்கு. இரண்டு விஷயம் இன்னும் பாக்கி. பிரவுனோடு கருத்து வேறுபாட்டை எங்கே வைப்பது? திங்கட்கிழமை (அக்டோபர் 17) காகி தலைவரிடமிருந்து பிரிந்து ரைஃபிள் தொழிற்சாலையில் இருக்கிறார். பெரிய சண்டையெல்லாம் வேறிடத்தில் நடக்கிறது. பார்வை அவருடையது என்றால் அந்த நாளை எப்படிச் சொல்வது?

---

வரிக்குவரி எழுதியது:

கருத்து வேறுபாட்டுக்கு நீங்கள் எதையும் புனைய வேண்டாம். கோடையில் குறி ஹார்பர்ஸ் ஃபெர்ரிதான் என்று முழுதாகத் தெரிந்தபோது பண்ணையில் எதிர்ப்பு கிளம்பியது. பலர் நினைத்திருந்தது மிசோரியில் செய்ததுபோல ஒரு பாய்ச்சல்: 1858 டிசம்பரில் 11 பேரை விடுவித்துக் கனடா வரை கொண்டு சேர்த்தார்களே, அது. பிரவுன் தலைமையிலிருந்து விலகுவதாகச் சொன்னார். சில நிமிடங்களில் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். ஆட்களில் ஒருவரான சார்லஸ் டிட் கோபத்தில் சில நாள் வெளியே போய்விட்டார். காகி திட்டத்தின் பக்கம் நின்றவர். ஆகவே அவருக்கும் பிரவுனுக்கும் இடையிலான பிளவு "போகலாமா வேண்டாமா" என்பதில் இல்லை. போன பிறகு எவ்வளவு நேரம் நிற்பது என்பதில் இருக்கிறது. மொத்த நாவலின் முதுகெலும்பும் இந்த ஒரு கேள்விதான் என்பேன்.

அதற்கான விதையை ஆகஸ்டில் போடுங்கள். சேம்பர்ஸ்பர்க் அருகே ஒரு பழைய கல்குவாரியில் பிரவுன், காகி, அடிமைமுறை எதிர்ப்புப் பேச்சாளரான ஃபிரடெரிக் டக்ளஸ், அவரோடு வந்த ஷீல்ட்ஸ் கிரீன் என்ற தப்பிய அடிமை நால்வரும் சந்திக்கிறார்கள். அது எஃகுப் பொறி, உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று டக்ளஸ் எச்சரிக்கிறார், வர மறுக்கிறார். கிரீன் பிரவுனோடு போகிறார். அந்தச் சந்திப்பில் காகி என்ன பேசினார் என்று எழுதத் துடிக்காதீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பொறி என்ற சொல்லைத் திட்டத்தைக் கைவிடக் காரணமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார். எந்தப் பாலம், எத்தனை மணிக்குள், ஆயுதம் எந்தக் கரையில். ஒரு நல்ல துணைத்தளபதியின் மனம் அப்படித்தான் வேலை செய்யும்.

இப்போது திங்கட்கிழமை. தலைவரிடமிருந்து பிரிந்திருப்பதைக் குறையாக நினைக்கிறீர்கள். அதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஷெனண்டோவா ஆற்றோரம், ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து அரை மைல் மேலே, ஒரு தீவில் ஹால் ரைஃபிள் தொழிற்சாலை. காகிக்குப் பிரவுன் கண்ணில் படமாட்டார். சத்தம் வரும். அடுத்து என்ன நடந்தது என்று சத்தத்தை வைத்தே ஊகிக்க வேண்டும்.

அவருக்கு எது எப்போது தெரியும் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு 8 மணி வாக்கில் பிரவுனோடு 18 பேர் பண்ணையிலிருந்து புறப்படுகிறார்கள். 3 பேர் பின்காவல். கூட்டத்தைச் சேர்ந்த ஜான் குக்கும் டிட்டும் தந்திக்கம்பியை அறுக்கிறார்கள். காகியும் ஸ்டீவன்ஸும் பொடோமக் ரயில் பாலத்தில் காவலாளியைப் பிடிக்கிறார்கள். இது வரை காகி நேரில் பார்த்தது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் கிழக்கே போகும் பி அண்ட் ஓ (பால்டிமோர் அண்ட் ஓஹாயோ) ரயில் வருகிறது. சரக்குக் கூலியாளான ஹேவர்ட் ஷெப்பர்ட் என்ற சுதந்திரக் கறுப்பர் பிரவுனின் ஆட்களால் சுடப்படுகிறார். முதலில் விழுந்தது, யாரை விடுவிக்க வந்தார்களோ அந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர். அது காகிக்கு வெறும் தூரத்து வெடிச்சத்தம். விடியலில் பிரவுன் அந்த ரயிலைப் போக விடுகிறார். காலை 7 மணிக்கெல்லாம் மோனோகசி நிலையத்திலிருந்து தந்தி பறந்துவிட்டது. காகிக்கு ரயில் கிளம்பும் ஓசை கேட்கும். அறுத்த கம்பிக்கு இனி அர்த்தமில்லை என்று அந்தக் கணமே புரிந்துவிடும். நாவலில் அவருடைய முதல் உண்மையான பயம் இதுவாக இருக்கட்டும்.

காலையில் அவர் ஆளனுப்பிப் பிரவுனை வெளியேறச் சொல்கிறார். பதில்: பொறுத்திருங்கள். நண்பகல் வாக்கில் சார்லஸ் டவுனிலிருந்து வந்த படைக்குழு பொடோமக் பாலத்தைப் பிடித்துவிட, மேரிலாந்துக்கு வழி அடைபட்டுப் போகிறது. அதற்கு முன் கிளம்பியிருந்தால் மலைக்குள் போயிருக்கலாம். காகி சொன்ன நேரமும் பிரவுன் நின்ற நேரமும் சில மணிகள்தான் விலகுகின்றன. பிரவுனை முட்டாளாக்கி அந்த இடைவெளியை விளக்கிவிடாதீர்கள். அவர் பிணைக்கைதிகளின் உயிரை நினைக்கிறார், அடிமைகள் திரண்டு வருவார்கள் என்று காத்திருக்கிறார். காரணம் வலுவாக இருக்க இருக்கத்தான் காகியின் கீழ்ப்படிதல் நம்பும்படி இருக்கும்.

மதியம் இரண்டரை மணி வாக்கில் பல பக்கமும் சூழ்ந்துகொள்கிறார்கள். பின்பக்கமாக ஆற்றுக்குள் ஓடுகிறார்கள். காகி தண்ணீரில் சுட்டுக் கொல்லப்படுகிறார். பார்வைப் பாத்திரம் அங்கே முடிகிறது; பிரவுன் கடைசியாக அடைந்துகொண்ட தீயணைப்பு வண்டிக் கொட்டகையின் கதவை ராணுவ அதிகாரி ராபர்ட் லீயின் கீழ் வந்த மரைன் படையினர் செவ்வாய்க் காலை உடைப்பதை அவர் பார்க்க வழியே இல்லை. அதை இன்னொருவர் வாய்வழி சொல்லி ஒட்ட வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் நாவலுக்குத் திங்கட்கிழமை பிற்பகல் போதும்.

---

நதிக்கரை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ரைஃபிள் தொழிற்சாலையில் காகியோடு கடைசி வரை நின்ற இருவர் பெயரையே இன்னும் யாரும் எடுக்கவில்லை.

ஜான் ஆந்தனி கோப்லண்ட், லூயிஸ் ஷெரிடன் லியரி. ஓஹாயோவின் ஓபர்லினிலிருந்து வந்த கறுப்பர்கள். லியரி குதிரைச் சேணம் செய்பவர்; கோப்லண்டுக்கு மாமன் முறை. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வந்தவர். கோப்லண்ட் தச்சர், 1858 செப்டம்பரில் வெலிங்டனில் அடிமைவேட்டையாடிகளிடமிருந்து ஜான் பிரைஸை மீட்ட கூட்டத்தில் இருந்தவர். அதிகாரத்தை நேருக்கு நேர் எதிர்த்து ஓர் ஆளை விடுவித்துக் காட்டியவர் அவர். ஆற்றில் காகி இறக்கிறார். லியரி படுகாயமடைந்து பின்னர் இறக்கிறார். கோப்லண்ட் பிடிபட்டு டிசம்பர் 16 அன்று தூக்கிலிடப்படுகிறார்.

பிரவுனின் 21 ஆட்களில் ஐவர் கறுப்பர்கள். தற்காலிகப் படையின் அதிகாரிப் பதவிகள் வெள்ளையரிடமே இருந்தன. பார்வைப் பாத்திரம் நல்லவர் என்பதாலேயே இதை மூடிவிடக் கூடாது. அரை நாள் ஒரே கட்டடத்தில் மூவர். போகலாமா என்று காகி ஆளனுப்பும்போது மற்ற இருவரிடமும் கேட்டாரா? பிடிபட்டால் மூவருக்கும் தூக்கு ஒன்றுதான், ஆனால் அதற்கு முன் கும்பல் கையில் என்ன நடக்கும் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. கோப்லண்டைக் கரையிலேயே தூக்கிலிடக் கூட்டம் முயன்றது. அப்படி நடக்கலாம் என்பது மூவருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த உரையாடல் உங்கள் நாவலில் இல்லாவிட்டால் காகி திறமைசாலியாக வரலாம், முழுமையான மனிதராக வரமாட்டார்.

---

சரக்குரசீது:

நதிக்கரை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இன்னும் சில, வரைவைத் திருத்தும்போது பார்க்க.

1859-இல் ஹார்பர்ஸ் ஃபெர்ரி வர்ஜீனியாவில். மேற்கு வர்ஜீனியா 1863-இல்தான் தனி மாநிலமானது. ஆயுதத் தொழிற்சாலை, ஆயுதக் கிடங்கு, ரைஃபிள் தொழிற்சாலை மூன்றும் தனித்தனி இடங்கள். ஒன்றாக்கினால் வரைபடமே குழம்பும். தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு "ஜான் பிரவுன் கோட்டை" என்ற பெயர் பின்னால் வந்தது, பாத்திரங்கள் வாயில் வரக்கூடாது.

படை அமைப்பு காகிதத்தில் எப்படி இருந்தது என்று ஒரு காட்சியில் வைக்கலாம். அக்டோபர் 10 தேதியிட்ட பொது ஆணை எண் 1-இன்படி ஒரு கம்பெனி 72 பேர்: 56 சிப்பாய்கள், 12 கீழ்நிலை அலுவலர்கள், 2 லெப்டினன்ட், 1 கேப்டன், 1 மருத்துவர். கையில் இருந்ததோ தலைவரோடு சேர்த்து 22 பேர். ஒரு கம்பெனியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைப் படிக்கும் காகி சிரிக்கக் கூடாது. வரப்போகிறவர்களுக்காக முன்கூட்டியே போட்டு வைத்த சட்டகம் அது. அவர்கள் வருவார்கள் என்றுதான் 950 ஈட்டி.

ஆயுதம் எந்தக் கரையில் என்று வரிக்குவரி கேட்டார். திங்கட்கிழமை பிரவுனின் மகன் ஓவன் பிரவுன், குக், டிட் ஆகியோர் பண்ணையிலிருந்து ஆயுதத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்கு நகர்த்தினார்கள். அதுவும் மேரிலாந்துப் பக்கம்தான். பாலம் போனதும் ஆளும் ஆயுதமும் ஆற்றின் இரு கரையில் தனித்தனியே நின்றுவிட்டன. மூன்று மாதம் பெட்டி பெட்டியாகச் சேர்த்த காகிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

கடிதங்களையும் மறக்காதீர்கள். பிரவுன் தன் கடிதக்கட்டுகளைப் பண்ணைவீட்டிலேயே விட்டுப் போனார். அவை கையில் சிக்கியதும் பணம் கொடுத்த போஸ்டன்காரர்கள் பதறிப்போனார்கள். ஹவ், ஸ்டெர்ன்ஸ், சான்பார்ன் கனடாவுக்கு ஓடினார்கள், ஹிகின்சன் மட்டும் நகராமல் நின்றார். மூன்று மாதம் பெயர் மாற்றி, கதை மாற்றி ரகசியம் காத்த காகி, அந்தத் தாள்களை எரிக்கச் சொன்னாரா? சொல்லிப் பிரவுன் மறுத்தாரா? இல்லை, வென்றுவிடுவோம் என்ற நம்பிக்கையில் அவருக்கே அது தோன்றவில்லையா? ஞாயிறு மாலை, வண்டியில் ஈட்டியும் சம்மட்டியும் கடப்பாரையும் ஏற்றும் நேரத்தில் அதை முடிவு செய்யுங்கள். ஏனென்றால் தேர்வு உங்களுடையது, எந்தப் பக்கம் எழுதினாலும் நடந்ததற்கு முரணாகாது.